கூடைப்பந்தில் இளந்திறன் தேடல்

கல்லூரியில் சேரும் வயதுக்கு முன்பே, பள்ளி மாணவர்களிடையே கூடைப்பந்துக்கு ஏற்ற உடலமைப்பும் ஆட்ட அறிவும் உடையவர்களை இனங்கண்டு, முறையான பயிற்சிக்குக் கொண்டுவருவதை இளந்திறன் தேடல் என்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது ஒரு பெரிய தொழிலாக வளர்ந்துவிட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகச் செல்பவர்கள் அங்கு உண்டு. இந்தியாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்து வந்தவர்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களே. சிற்றூர்ப் பிள்ளை ஒருவருக்கு விளையாட்டின் வழியாகக் கல்லூரி இடமும் அரசு வேலையும் கிடைக்கக்கூடும் என்பதால், இந்தத் தேடல் யார் கண்ணில் படுகிறோம் என்ற கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. அதன் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

கனடியர் உருவாக்கிய விளையாட்டு

கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்மான்ட் என்னும் சிற்றூரை அடுத்த பகுதியில் 1861-இல் பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆடத்தக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டுக்கொண்டார். 1891 டிசம்பரில் பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக்கூடத்தின் மேல்தளக் கைப்பிடியில் மாட்டி, 13 விதிகளை எழுதி, மாணவர்களை அணிக்கு ஒன்பது பேராகப் பிரித்து ஆடவைத்தார். அன்று கூடை மாட்டப்பட்ட 10 அடி உயரமே இன்றும் வளையத்தின் உயரமாக உள்ளது.

இந்த 10 அடிதான் பின்னாளில் வீரர் தேடலின் போக்கையும் தீர்மானித்தது. வளையத்துக்கு அருகில் கை எட்டுபவருக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. ஆகவே தேடிச் சென்றவர்களின் கண் முதலில் உயரமான பிள்ளைகள் மேலேயே விழுந்தது.

சென்னைக்கு வந்த வழி

ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர்கள் வழியாகவே கூடைப்பந்து உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. தமிழகத்தில் அதற்கு அடித்தளம் இட்டவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அவர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்று நந்தனத்தில் இயங்குகிறது. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்று இந்தியாவில் எழுந்த முதல் கல்லூரியாக அது கருதப்படுகிறது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அனுப்ப ஏற்பாடு நடந்தபோது, மாகாணந்தோறும் போட்டிகள் நடத்தித் தேர்ந்தவர்களை தில்லிக்கு வரவழைத்து அணி அமைக்கப்பட்டது. அம்முயற்சியில் ஒய்.எம்.சி.ஏ.வினர் முன்னின்றனர், அணியின் மேலாளராகப் பாரிஸ் சென்றவர் பக். இந்தியாவில் திறமையைத் தேடிச் சென்ற முதல் முறையான முயற்சிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

நந்தனத்தில் பயின்று வெளியேறியவர்கள் தென்னிந்தியாவெங்கும் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்களாகச் சேர்ந்தனர். கூடைப்பந்துத் திடல் எங்கெல்லாம் உருவானதோ, அங்கெல்லாம் அப்படிப்பட்ட ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பார். ஆண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934-இல் தில்லியில் தொடங்கியது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-இல் அமைந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி பங்கேற்றது. அதற்கு முன்னும் பின்னும் அந்த வாய்ப்பு வரவில்லை.

பள்ளிப் போட்டிகளும் அரசுத் திட்டங்களும்

தமிழகத்தில் ஒரு மாணவர் முதன்முதலாக வெளியாரின் கண்ணில் படும் இடம் குறுவட்டப் போட்டி. அங்கு வெல்லும் அணி வருவாய் மாவட்டப் போட்டிக்கும், அதன்பின் மாநிலப் போட்டிக்கும் செல்லும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது இவற்றையே. மாநிலப் போட்டியில் சிறந்து ஆடுபவர்கள் தமிழ்நாடு பள்ளி அணிக்குத் தேர்வாகித் தேசியப் போட்டியில் ஆடுகிறார்கள்.

1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த பிறகு, 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம் நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, பள்ளிக் குழந்தைகளிடையே திறமையைக் கண்டறிவதற்கான தேசியத் திட்டம் ஒன்றை அது தொடங்கியது. எட்டு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, படிப்பும் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் அமைந்தது. அதன் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரும் மாணவ மாணவியருக்கு மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் தேர்வு நடைபெறுகிறது. தேர்வானவர்களுக்குத் தங்குமிடம், உணவு, பயிற்சி, சீருடை ஆகியவை இலவசம்.

2018-இல் கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகள் தொடங்கின. அவ்வரிசையில் இளைஞர் விளையாட்டுப் போட்டி 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்தபோது, பதக்கப் பட்டியலில் தமிழ்நாடு இரண்டாம் இடம் பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் பள்ளி மாணவர்களுக்கான கூடைப்பந்து இடம்பெறுகிறது.

பெரியகுளம் காட்டும் வழி

கூடைப்பந்து பெருநகர விளையாட்டு என்று பொதுவாக ஒரு எண்ணம் உண்டு. அதற்கு மாறான சான்று தேனி மாவட்டத்துப் பெரியகுளம். அங்குள்ள சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம், பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியைச் சுமார் அறுபது ஆண்டுகளாகக் கோடைக்காலத்தில் நடத்திவருகிறது. வங்கி, இரயில்வே, இராணுவ அணிகள் அச்சிற்றூரின் மின்னொளித் திடலில் வந்து ஆடுகின்றன. கரூரிலும் கோவையிலும் இதுபோன்ற நெடுநாள் போட்டிகள் உண்டு.

இத்தகைய போட்டிகளின் பயன் கோப்பையோடு முடிவதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் தேசிய வீரர்களைக் கைக்கெட்டும் தொலைவில் பார்க்கிறார்கள். வந்த அணிகளின் பயிற்றுநர்கள், காலையில் அதே திடலில் பந்து தட்டும் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். தேடுபவர் ஊருக்கு வருவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

எதை அளக்கிறார்கள்?

தேர்வுக்களத்தில் முதலில் அளக்கப்படுவது உயரம். அடுத்து இரு கைகளையும் விரித்த அகலம், நின்ற இடத்திலிருந்து மேலே எம்பும் உயரம், குறுந்தொலைவு ஓட்டம், திசைமாற்றி ஓடும் வேகம் ஆகியவை. பிறகு பந்தைத் தட்டிச் செல்லுதல், கடத்துதல், வளையத்தில் எறிதல். பெற்றோரின் உயரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். பிள்ளை இன்னும் எவ்வளவு வளரக்கூடும் என்பதை மதிப்பிட அது உதவும்.

இந்த அளவைகளில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வயதில் வளர்வதில்லை. பதின்மூன்று வயதில் உயரமாக நிற்பவர் அதோடு நின்றுவிடலாம். குட்டையாக இருந்தவர் பதினாறில் நெடுநெடுவென வளரலாம். மைக்கேல் ஜோர்டான் 1978-இல் தம் பள்ளியின் முதன்மை அணிக்கு எடுக்கப்படவில்லை. அவரைவிட உயரமான வகுப்புத் தோழர் லெராய் ஸ்மித்துக்கே அந்த இடம் கிடைத்தது. ஜோர்டான் இளையோர் அணியில் ஓராண்டு ஆடினார். அதற்குள் உயரமும் கூடியது. பள்ளியில் இரண்டாவது அணி ஒன்று இருந்ததால் அவர் ஆட்டத்தை விட்டுப்போகவில்லை என்பதே இதில் கவனிக்கவேண்டியது.

இரண்டாவது, பிறந்த மாதம். வயதுப் பிரிவுக்கான கணக்கு ஜனவரியில் தொடங்கினால், ஜனவரியில் பிறந்தவருக்கும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு இருக்கும். பன்னிரண்டு வயதில் ஓராண்டு வளர்ச்சி என்பது பெரிய வேறுபாடு. பல நாடுகளில், பல விளையாட்டுகளில், தேர்வாகும் பிள்ளைகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே மிகுதி என்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

மூன்றாவது, வயதைக் குறைத்துக் காட்டுதல். இந்திய இளையோர் விளையாட்டின் பழைய நோய் இது. இதைத் தடுக்க, இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடும் முறை பயன்படுத்தப்படுகிறது. ஒரு பிள்ளை வயதை மறைத்து உள்ளே வரும்போது, உண்மையான வயதுள்ள இன்னொரு பிள்ளை வெளியே போகிறது.

கனடாவின் பாடம்

நெய்ஸ்மித்தின் தாய்நாட்டிலேயே இத்தேடல் நெடுங்காலம் மந்தமாகத்தான் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து விக்டோரியா நகரில் பள்ளியில் பயின்ற ஸ்டீவ் நாஷ் இதற்கு எடுத்துக்காட்டு. அவருடைய பள்ளிப் பயிற்றுநர் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். கனடியச் சிறுவனை, அதிலும் உயரம் மிகாத சிறுவனை, யாரும் பொருட்படுத்தவில்லை. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகம் மட்டும் ஆட்டக் காணொளியைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. பயிற்றுநர் டிக் டேவி நேரில் சென்று பார்த்து உதவித்தொகை அளித்தார். அந்த நாஷ் 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளும் என்.பி.ஏ.வின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வானார்.

1995-இல் டொரன்டோ, வான்கூவர் ஆகிய நகரங்களுக்கு என்.பி.ஏ. அணிகள் கிடைத்தன. அவற்றைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, பள்ளி வயதிலேயே அமெரிக்கப் பள்ளிகளுக்குச் சென்று ஆடத்தொடங்கியது. என்.பி.ஏ. தேர்வில் 2013-இல் ஆந்தனி பென்னட்டும், 2014-இல் ஆண்ட்ரூ விக்கின்ஸும் முதலிடத்தில் எடுக்கப்பட்டனர். இருவரும் கனடியர்கள். அவர்களுள் பென்னட் நான்கு ஆண்டுகளுக்குள் என்.பி.ஏ.வை விட்டு வெளியேறினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கனடியர் இருவர் முதலிடம் பெற்றது பெரிய மாற்றம். ஆயினும் முதலிடம் என்பது வெற்றிக்கு உறுதிச்சீட்டு அன்று என்பதையும் அது காட்டியது. ஒன்டாரியோவின் ஹாமில்டன் நகரில் வளர்ந்த ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் 2018-இல் பதினொன்றாவதாக எடுக்கப்பட்டு, 2025-இல் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

தமிழர் பெருமளவில் வாழும் டொரன்டோ வட்டாரத்தைச் சேர்ந்த பிராம்டனில் வளர்ந்தவர் சிம் புல்லர். பெற்றோர் பஞ்சாபிலிருந்து குடியேறியவர்கள். இவருடைய உயரம் 7 அடி 5 அங்குலம். 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காக இறங்கி, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார்.

லூதியானாவும் சத்னம் சிங்கும்

இந்தியாவில் கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்த முயற்சிகளுள் முதன்மையானது பஞ்சாபின் லூதியானா கூடைப்பந்துப் பயிற்சியகம். குரு நானக் விளையாட்டரங்கில் இயங்கும் அதன் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் முனைவர் எஸ். சுப்பிரமணியன். உழவர் வீட்டுப் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே விடுதியில் சேர்த்து வளர்த்த இப்பயிற்சியகத்திலிருந்து இந்திய அணிக்குப் பலர் சென்றனர்.

அவர்களுள் ஒருவர் சத்னம் சிங் பமாரா. 1995-இல் பர்னாலா மாவட்டத்துப் பல்லோ கே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பல்பீர் சிங் 7 அடிக்கு மேல் உயரமான உழவர். இளமையில் அவரையும் கூடைப்பந்துக்கு அனுப்பச் சொன்னார்கள், வீட்டில் விடவில்லை. தமக்குக் கிடைக்காததை மகனுக்குத் தர எண்ணிய அவர், பத்து வயதளவில் சத்னத்தை லூதியானாவுக்கு அனுப்பினார். 2010-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஐ.எம்.ஜி. பயிற்சியகத்துக்கு உதவித்தொகையுடன் சென்ற இந்திய மாணவர்களுள் சத்னமும் இருந்தார். அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

2015-இல் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி அவரை 52-ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஊர் கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ.வின் முதன்மைப் போட்டி ஒன்றில்கூட அவரால் ஆட முடியவில்லை. பின்னர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை பெற்றார். அதன்பின் மல்யுத்தக் காட்சிகளுக்குச் சென்றார்.

அவரைப் போன்ற உயரமான வீரர்கள் வழக்கமாக அமெரிக்கக் கல்லூரிகளில் சில ஆண்டுகள் ஆடி முதிர்ந்த பிறகே என்.பி.ஏ.வுக்குச் செல்வர். சத்னத்துக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 முதன்மைப் பாடங்களைத் தகுந்த மதிப்பெண்ணுடன் முடித்திருக்க வேண்டும். பதினான்கு வயதில் மொழி தெரியாமல் சென்ற சிறுவனுக்கு அது எட்டவில்லை. தேடியவர்கள் உயரத்தைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். பின்தங்கியது படிப்பு.

அடுத்து வந்தவர்களுக்கு ஏற்பாடு சற்று மாறியது. 2017-இல் தில்லியை அடுத்த நொய்டா பெருநகர்ப் பகுதியில் என்.பி.ஏ. இந்தியப் பயிற்சியகம் தொடங்கியபோது, பயிற்சியுடன் பள்ளிப்படிப்பும் சேர்க்கப்பட்டது. லூதியானாவில் தொடங்கி அங்கு சேர்ந்த பிரின்ஸ்பால் சிங், 2021-இல் கோடைக்கால லீக் பட்டம் வென்ற சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் இடம்பெற்றார். அதே பயிற்சியகத்தின் மகளிர் திட்டத்தில் பங்கேற்ற ஹர்சிம்ரன் கவுர், அமெரிக்காவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் சேர்ந்தார்.

பெண் பிள்ளைகள்

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பதின்ம வயதிலேயே இந்திய அணிக்கு வந்து, ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடினார். அணித் தலைவராகவும் இருந்தார். தாயான பிறகும் திடலுக்குத் திரும்பினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தெற்கு இரயில்வேயின் பணி அவருடைய நீண்ட ஆட்டவாழ்வுக்குத் துணைநின்றது.

கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்தில், யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரத்துடன் இலங்கை அணியின் முதன்மை ஆட்டக்காரராக விளங்கினார். இலங்கை ஆசியப் பட்டம் வென்ற 2009, 2018, 2022 அணிகளில் அவர் இருந்தார், ஆஸ்திரேலியாவிலும் ஆடினார். போர்க்காலத்தில் வளர்ந்த ஒரு கிராமத்துப் பெண்ணின் உயரம், அதற்குரிய விளையாட்டைச் சென்றடைந்ததால் ஒரு நாட்டின் பலமாயிற்று.

கல்லூரி வாசல்

தமிழகத்தில் பெரும்பாலான மாணவர்களுக்கு என்.பி.ஏ. ஒரு தொலைதூரக் காட்சியே. அவர்களுக்கு உண்மையான பரிசு கல்லூரி இடம். சென்னை, கோவை வட்டாரக் கல்லூரிகள் பல, பள்ளிப் போட்டிகளுக்குத் தம் பயிற்றுநர்களை அனுப்பி, நன்றாக ஆடுபவர்களுக்குக் கட்டணச் சலுகையுடன் இடம் தருகின்றன. பொறியியல் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. படிப்பு முடிந்தபின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, இரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற நிறுவனங்களின் அணிகள் உள்ளன. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. இந்த வழியில் நுழைவதற்கு மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ் தேவை. அந்தச் சான்றிதழுக்கான முதல் படி பள்ளியின் பெயரைக் குறுவட்டப் போட்டிக்குப் பதிவு செய்வது. அந்தப் பதிவு நடக்காத பள்ளியில் எவ்வளவு திறமை இருந்தாலும் அது வெளியே வராது.

உத்திரமேரூரிலிருந்து பார்க்கும்போது

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூர், குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்றது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் 919-இல் எழுதப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 921-இல், அவை திருத்தப்பட்டன. யார் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர் என்பதை ஊரார் எவரும் படித்தறியும்படி சுவரில் வெட்டிவைத்தார்கள். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஏதுமறியாத ஒரு சிறுவன்.

அங்கே சிறுவன் கை பெரியவர்களைத் தேர்ந்தெடுத்தது. விளையாட்டில் பெரியவர்கள் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் விதி எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், குறை கண்டால் திருத்தப்பட வேண்டும் என்ற இரண்டும் இதற்கும் பொருந்தும். விடுதித் தேர்வு எந்த நாளில், எந்த வகுப்புக்கு, என்ன சான்றுகளுடன் என்பது நகரத்துப் பெற்றோருக்கு எளிதில் தெரிந்துவிடுகிறது. உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் வயல்வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் செல்லும் பெற்றோருக்கு அது பெரும்பாலும் பள்ளி வழியாகத்தான் தெரியவேண்டியுள்ளது. தேர்வு நடக்கும் காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் பிள்ளையை அழைத்துச்செல்ல ஒருவர் ஒருநாள் கூலியை விடவேண்டும். மாலைப் பயிற்சி முடிந்து பெண் பிள்ளை வீடு திரும்பப் பேருந்து இருக்கவேண்டும்.

பெருஞ்செலவு இல்லாமலே பள்ளிகள் செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்டுக்கு இருமுறை மாணவர்களின் உயரத்தை அளந்து பதிவேட்டில் குறித்தால், யார் வேகமாக வளர்கிறார் என்பது இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துவிடும். அளவு மீறி வளரும் பிள்ளையைக் கேலிப் பெயர் சொல்லி அழைக்காமல் பார்த்துக்கொள்ளலாம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தின் தேர்வு அறிவிப்பைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படிக்கலாம். தேர்வில் எடுக்கப்படாத பிள்ளையை அடுத்த ஆண்டும் அழைத்துச்செல்லலாம். ஜோர்டானுக்கு வேண்டியிருந்தது அந்த ஓராண்டுதான். எடுக்கப்பட்ட பிள்ளையின் படிப்பைத் தொடர்ந்து விசாரிக்கலாம். சத்னத்துக்குக் குறைந்தது அதுதான்.

முடிவுரை

நூறு ஆண்டுகளில் கூடைப்பந்து வீரர் தேடல், ஒய்.எம்.சி.ஏ. திடலிலிருந்து அரசு விடுதிக்கும், அங்கிருந்து பன்னாட்டுப் பயிற்சியகங்களுக்கும் விரிந்துள்ளது. அளவைகள் நுட்பமாகியுள்ளன, காணொளி வந்துவிட்டது. ஆயினும் நாஷுக்காகக் கடிதம் எழுதியவரும் ஒரு பள்ளிப் பயிற்றுநரே. பிள்ளையை நாள்தோறும் பார்க்கும் ஒருவர் எழுந்து அதைப் பற்றி நாலு பேரிடம் சொன்னால்தான், தொலைவிலிருந்து தேடி வருபவருக்கு அந்தப் பிள்ளை இருப்பது தெரியும்.